கடலோரக் கூடத்தில் வால்ஸ்

டான்ஸ் மாஸ்டர் வேலையில் முதலில் தேய்வது பூட்ஸ் இல்லை, கால் கட்டைவிரல் நகம். பிறர் மிதிக்க மிதிக்கச் சிரித்துக்கொண்டே நிற்கும் தொழில் எதில் நீங்கள் இருந்தாலும் இது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பினாங்கில், ஜார்ஜ் டவுன் கடலோர ஓட்டல் ஒன்றில் நான் அப்படித்தான் நின்றேன். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தேநீர் நடனம். மணிலாக்காரர்கள் ஃபிடில் வாசிப்பார்கள். ஜன்னல் வழியே வரும் கடல் வெளிச்சம் மரத்தரையில் அசையும். ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில் வகுப்பு.

மரத்தோடு பயிற்சி

தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சவரிமுத்து. அவர் கட்டிக்கப்போகும் நர்ஸுக்கு வால்ஸ் என்ற மூன்று தாள ஜோடி நடனம் என்றால் உயிர். அதனால் ஞாயிறுதோறும் ஃபெரி ஏறி வருவார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணச் சொன்னால் நாலாவதும் எண்ணிவிடுவார். அந்த நாலாவது என் காலில் விழும். ஒரு மாதம் கழித்துத் திடீரென்று மிதப்பதுபோல் ஆடினார். எப்படி என்று கேட்டேன்.

"பால்மரத்தைக் கட்டிப்பிடிச்சு ஆடிப் பழகினேன் மாஸ்டர். மரத்துக்கு உங்களைவிடப் பொறுமை ஜாஸ்தி லா."

கண்ணை மூடிய நோன்யா

ஜன்னலோரம் ஒரு நோன்யா அம்மாள், மலாய்ப் பழக்கம் கலந்த சீனக் குடும்பத்துக்காரர், உட்காருவார். அறுபது வயதிருக்கும்; பூவேலை செய்த கெபாயா மேல்சட்டை, மணி கோத்த செருப்பு. தேநீரை ஆறவிட்டு எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை பெய்த ஒரு புதன்கிழமை, கூடத்தில் ஆளே இல்லை. என்னை விரலால் அழைத்து, ஆடலாமா என்று மலாயில் கேட்டார். ஓர் அடியும் தெரியாதவர், கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் விட்ட பூப்போல என் கையோடு வந்தார். இசை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒருத்தர் முகத்துக்கு நேரா நடக்கிறது இப்படியா இருக்கும்?"

விதிப் புத்தகம்

முன்பெல்லாம் நடனப் போட்டியில் கைதட்டல்தான் தீர்ப்பு. சொந்தக்காரர் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார். பிறகு லண்டனில் ஒவ்வோர் அடியையும் அளந்து விதி எழுதினார்கள். புத்தகத்தோடு ஒரு வெள்ளைக்கார நடுவர் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார். நானும் என் ஜோடி பிலோமினாவும் ஆடினோம். "ஜெயிச்சா ஆடு, தோத்தா தையல் மெஷினுக்குப் போ" என்று அவள் அண்ணன் சொல்லியிருந்தார்.

வால்ஸ் பாதியில் அவள் செருப்பு வார் அறுந்தது. அவள் நிற்கவில்லை, இரண்டையும் உதறிவிட்டு வெறுங்காலில் ஆடினாள். பாதம் தரையைத் தொடுகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. நடுவர் போட்டிப் பட்டியலில் எங்கள் எண்ணை அடித்துவிட்டார். பிறகு பிலோமினாவிடம் வந்து தலைகுனிந்தார்.

"விதி செருப்பைக் கேட்கிறது, அம்மா. எனக்கோ உங்கள் காலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை."

அடுத்த புதன்

நாலு மணிக்குத் தனியாக நின்றேன். தையல் மெஷின் சத்தம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிடில் தொடங்கியது. வாசலில் பிலோமினா! அண்ணன் எப்படி விட்டார் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்னு பார்த்தாராம். 'அந்த வெள்ளைக்காரனுக்குப் படிக்கத் தெரியும், பார்க்கத் தெரியலை'ன்னார். என்ன மாஸ்டர் நிக்கறீங்க, பாட்டு போயிடும் லா, வாங்க."

எத்தனையோ வருஷம் அந்த ஒரே கூடத்துக்குள் வட்டமடித்த என்னைச் சொந்தக்காரர்கள் இன்றும் ஊர்சுற்றி என்றுதான் சொல்கிறார்கள்.