ஒருவேளைக்காரரின் கண்

ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுவது அவருடைய உத்தியோகம். அதே தொட்டியின் உச்சியில் நின்று பருந்து பார்ப்பதுதான் அவருடைய வாழ்க்கை. பறவை பார்க்கும் கூட்டத்தில் அவருக்கு 'ஒருவேளைக்காரர்' என்று பெயர். எது பறந்தாலும், "ஒருவேளை பூனைப்பருந்தா இருக்கலாம். வெயில் எதிர்ல இருந்துச்சு, உறுதியா சொல்ல முடியாது" என்பார். கழுத்தில் கத்தி வைத்தாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது.

பிறவியிலேயே அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், அந்தப் பக்கம் அபூர்வமான ராஜாளியைப் பார்த்துவிட்டதாகத் தம்பட்டம் அடித்தார். பன்னிரண்டு பேர் லீவு போட்டுவிட்டு, மூச்சு வாங்கத் தொட்டியில் ஏறினார்கள். வந்ததோ சாதாரணக் கள்ளப்பருந்து. இறகு உதிரும் காலம். வாலின் ஓர இறகுகள் விழுந்து, கள்ளப்பருந்துக்கு அடையாளமான வால்பிளவே காணாமல் போயிருந்தது. அன்று அவர்கள் சிரித்த சிரிப்பில் மனிதர் சூடு கண்ட பூனையாகிவிட்டார். வானத்தில் தனியாகப் பறப்பதற்கு அளவு கிடையாது, பக்கத்தில் ஒரு காக்கையாவது பறந்தால்தான் பெரிதா சிறிதா என்று தெரியும் என்பார். பார்த்ததை மட்டும் எழுதுவார். தோன்றியதை எழுத மாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் நோட்டில் ஒரு பிழைகூட யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் கேலி செய்தவர்களே கடைசியில் அவர் வாயைத்தான் பார்த்தார்கள்.

அவருடைய பஞ்சாயத்து வேலைக்கு ஓய்வு வயது கிடையாது; தம்பியோ ஓய்வுபெற்ற தபால்காரர். ஊர் முகவரியெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவருக்குக் கொஞ்ச நாளாகச் சொந்த வீடே மறந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள், தூரத்து ஊர் பஸ் நிலையக் கேமராவில் பதிவான வீடியோ ஒன்று போலீஸ் நிலையத்துக்கு வந்தது. நான்கே விநாடி. ஒரு முதியவர் முதுகைக் காட்டியபடி கூட்டத்துக்குள் நடந்து போகிறார்.

தம்பியின் மகள், தையல்கடை வைத்திருப்பவள், பார்த்ததும் சொன்னாள்: "அப்பாதான் பெரியப்பா. அந்த நடையைப் பாருங்க. நான் இப்பவே கிளம்புறேன்."

இன்ஸ்பெக்டர் ஒருவேளைக்காரரிடம் திரும்பினார். "நீங்க இதுல கெட்டிக்காரர்னு சொல்றாங்க. உங்க தம்பிதானா?"

முப்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பார். முகம் இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் சட்டை நிறத்தை நம்ப முடியாது. உயரம் ஒப்பிடப் பக்கத்தில் தெரிந்த ஆள் இல்லை.

"உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையிலேயே தேடச் சொல்லி ஆட்களை அனுப்பினார். மகள் கொஞ்ச நேரம் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் ஏரிக்கரைக்கே போனாள்.

எட்டாம் நாள் அந்தத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பஸ் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மூடிக்கிடந்த கடை வாசலில் நாலு நாளாகச் சுருண்டு கிடந்தாராம். முந்தின நாள்தான் உயிர் போயிருக்கிறது.

பிணவறையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. "நல்லா பார்த்துச் சொல்லுங்க" என்றார் ஊழியர்.

"என் தம்பி" என்றார். சொல்லிவிட்டு, அந்தக் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மகள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்து இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "என்னைத் திட்டும்மா" என்றார்.

"திட்டி என்ன ஆகப்போகுது. உங்க கண்ணுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுத்தான் நானும் நின்னுட்டேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இதையும் உள்ளே வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

"அந்த வீடியோவைப் பார்த்த உடனே எனக்கும் அவன்தான்னு தெரிஞ்சதும்மா."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.