ஏழடி மேசை

பீப்பாய்த் தொழிற்சாலையில் அக்காவின் பெயர் யாருக்கும் தெரியாது. "இருபத்திரண்டு அக்கா" என்றால்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் மூடிப் பிரிவில் தகடு வெட்டினாள். நடுவில் ஓர் ஆணி, அதில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் சாக்கட்டி. ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டம். விளிம்புப் பட்டைக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டால், "குறுக்கே ஏழுன்னா சுத்தி இருபத்திரண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே விரல்விட்டுக் கணக்குப் போட்டுவிடுவாள். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவள் வெட்டிய மூடியில் ஒரு சொட்டு ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்று இத்தனை காலமாகியும் அந்த இரைச்சலை நினைக்காமல் அவளுக்குப் பொழுது விடிவதில்லை. தகடு வெட்டும் சத்தமும், மதியச் சங்கு ஊதியதும் டிபன் டப்பாக்களோடு தரையில் உட்கார்ந்து அடித்த அரட்டையும் நினைவுக்கு வந்தால் பாவம், அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அதையெல்லாம்விட அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது, ஓய்வுபெற்ற மாதத்தில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத்தான்.

அவளுக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் பஸ் ஓட்டினான். சின்னவன் தொலைவில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தான். அப்பா இருந்தது பெரியவன் வீட்டில். அப்பா இறந்த தகவல் கிடைத்த உடனே சின்னவன் ரயிலேறிவிட்டான், நான் வரும்வரை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினான். மறுநாள் அவன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியவன் காத்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நேரமாயிடுச்சு" என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவுமில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம்! சின்னவன் இந்த ஊருக்கே மாற்றல் வாங்கி வந்த பிறகும் அதே கதைதான். அக்கா வீட்டுக்கு ஒருவன் சனிக்கிழமை வருவான், மற்றவன் ஞாயிற்றுக்கிழமை. தப்பித்தவறிக்கூட வாசலில் எதிரெதிரே வந்துவிடக் கூடாதாம். நல்ல பிள்ளைகள் போங்கள்! அக்காவுக்கு வேறொரு குடைச்சலும் இருந்தது. அப்பாவை எடுத்த அன்று அவளும் அங்கேதான் இருந்தாள். "தம்பி வரட்டும், பொறு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆறு வருஷமாக அது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்றதும் இரண்டு வீட்டாரையும் ஒரே நாளில் சாப்பிடக் கூப்பிட்டாள். பேசக்கூட வேண்டாம், வந்து தின்றுவிட்டுப் போங்கள் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கெஞ்சினாள். அவன் பக்கத்தில் உட்கார வைக்காதே என்றான் பெரியவன். எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடு என்றான் சின்னவன். வீட்டிலிருந்த நீள மேசையில் தலைப்பக்கம் யார் உட்காருவது என்பதற்கே இன்னொரு சண்டை வரும். வட்டத்துக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. அப்படியே அக்கா கணக்கில் இறங்கினாள். தன் வீட்டில் மூன்று பேர், தம்பிகள் வீட்டில் நாலும் நாலும், ஆக பதினொன்று. ஆளுக்கு இரண்டடி என்றால் சுற்றளவு இருபத்திரண்டு. குறுக்கே ஏழடி! கணக்கு அச்சாக வந்து உட்கார்ந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முழு வட்டம் வாசலில் நுழையாது என்பதால் தச்சர் இரண்டு அரைவட்டமாகச் செய்து உள்ளே கொண்டுவந்து பூட்டினார்.

மேசை பதினோரடி அறையை அடைத்துக்கொண்டது. நாற்காலிகளின் முதுகு சுவரில் இடித்தது. சுற்றிவந்து பரிமாற வழியில்லை. பரவாயில்லை என்று பாத்திரங்களையெல்லாம் நடுவில் வைத்துவிட்டு, தம்பிகளை இருக்கிறதிலேயே தள்ளித் தள்ளி உட்கார வைத்தாள். இருவருக்கும் இடையே ஒரு பக்கம் நாலு பேர், மறு பக்கம் ஐந்து பேர். கடைசியாகத் தானும் ஒரு நாற்காலியில் நுழைந்துகொண்டு, "எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.

ஒருவர் கையும் எட்டவில்லை.

விளிம்பிலிருந்து நடுவுக்கு மூன்றரை அடி. முப்பத்தொரு வருஷம் விளிம்பையே பார்த்து வேலை செய்தவளுக்கு நடுவைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை. மூடியின் நடுவில் யார் கைநீட்டிச் சாப்பிடப் போகிறார்கள்? போதாக்குறைக்கு, வட்டத்தில் ரொம்பத் தள்ளி இருப்பவன் நேர் எதிரே அல்லவா இருப்பான்! தம்பிகள் இரண்டு பேரும் தலை நிமிர்ந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா திருதிருவென்று விழித்தாள். வீட்டுக்காரர் வேறு, "மேசை மேல ஏறி உக்காந்துதான் சாப்பிடணும்" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மீன் தட்டை இழுக்கப் பெரியவன் எழுந்து மேசைமேல் வயிறு படக் குனிந்தான். அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னவனும் குனிந்திருந்தான். ஒரே தட்டில் இரண்டு கை. யாரும் விடவில்லை, யாரும் இழுக்கவுமில்லை. சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது.

தட்டைப் பார்த்தபடியே சின்னவன்தான் கேட்டான். "ஒரு நாள் காத்திருந்திருக்கலாம்ல?"

பெரியவன் நிமிரவில்லை. அவன் குரல் ரொம்பத் தாழ்ந்து வந்தது.

"பயமா இருந்துச்சுடா. அப்பாவ அப்படிப் பாத்துக்கிட்டு ஒரு ராத்திரி என்னால உக்காந்திருக்க முடியல. மூத்தவன், இத வெளிய எப்படிச் சொல்றது?"

ஊரே தைரியசாலி என்று சொன்ன பஸ் டிரைவர் அவன். அவன் சம்சாரமே அவனை வாய்பிளந்து பார்த்தாள். அன்று பொறு என்று சொல்லாமல் தான் நின்றதற்கும் அந்தப் பயம்தான் காரணம் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

"எனக்கும்தான்டா பயமா இருந்துச்சு" என்றாள் அவள், இரண்டு பேரையும் பார்த்து.

சின்னவன் தட்டை மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளினான். "முதல்ல நீ போட்டுக்க, அண்ணா" என்றான்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த அண்ணா. எழுந்து ஓடி இரண்டு பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்குத் துடிப்பாக இருந்தது. சுவருக்கும் மேசைக்கும் நடுவே சிக்கிக்கொண்டவள் எங்கே ஓடுவது? இருந்த இடத்திலேயே, சோற்றுத் தட்டின்மேல் கண்ணீர் விழ விழ, வாய்விட்டு அழுதாள்.