மாதாவுக்கு வளர்த்த முடி

திண்டிவனம் நீச்சல்குளத்தில்தான் அந்த முரட்டு மீசைக்காரரைப் பார்த்தேன். விபத்தில் நடக்க முடியாமல் போன மகளைத் தினமும் தூக்கி வந்து, தண்ணீரில் கால் அசைக்கப் பழக்குவார். அவள் நடந்தால் வேளாங்கண்ணியில் தன் முடியைத் தருவதாக வேண்டுதல்; தோள்வரை வளர்ந்திருந்தது. குளத்தில் இறங்குமுன் குழாயடியில் தலையை நனைத்துக்கொள்வார்.

"நல்ல தண்ணி குடிச்ச முடி குளோரினக் குடிக்காதுங்க."

ஏறியதும் ஷாம்பு போட்டு அலசி, பொறுமையாகச் சிக்கெடுப்பார்.

"மொட்டை அடிக்கப்போற முடிக்கு இவ்ளோ சேவையா?" என்று சீண்டினேன்.

"மாதாவுக்குத் தர்றதுங்க. தேங்கா நாராட்டம் குடுக்கலாமா?"



ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்தார். பழக்கத்தில் குழாயைத் திறந்து தலையை நீட்டினார். சுவரைப் பிடித்து நடந்துவந்த மகள், "அப்பா, எந்த முடியக் கழுவிக்கினு இருக்க?" என்று சிரித்தாள்.

குழாயை மூட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.