ஆறு குட்டைக்குத் திரும்பிய நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். உத்தமபாளையத்துக்குக் கீழே முல்லைப் பெரியாற்றங்கரையில் நடந்தது இது. மண் அள்ளும் எந்திரம் ஓட்டுவது என் பிழைப்பு.

அங்கே கோரை மண்டிய ஒரு குட்டை உண்டு. மழைக்காலத்தில் ஆறு கரை புரண்டு அதற்குள் ஏறும்போது கெண்டையும் அயிரையும் வந்து முட்டையிடும். குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததும் ஆற்றுக்குத் திரும்பும். வெள்ளம் வடிந்தபின் அவை திரும்பிப் போகும் வாய்க்காலை யாரோ கட்டட இடிபாடு கொட்டி மூடியிருந்தார்கள். அதைத் திறக்கத்தான் அந்தப் பகுதி விவசாயிகள் என்னை அழைத்தார்கள்.

யாரோ என்றேன். உண்மையில் அது நான்தான். அதற்கும் மூன்று வருடம் முன்பு, ஒருவர் கூப்பிட்டாரென்று போய், டிப்பர் லாரியில் வந்ததையெல்லாம் தள்ளி மூடியவன் நான். அதைச் சொல்லாமலே வேலையைத் தொடங்கினேன்.

“அணையில தண்ணியக் கொறச்சுப்புட்டாக. ஆறு வாய்க்காலுக்குக் கீழ எறங்குறதுக்குள்ள இன்னைக்கே தொறக்கலன்னா குஞ்செல்லாம் சேத்துலயே செத்துப்போகும்” என்றார் ஒரு விவசாயி. குட்டை முழங்கால் ஆழத்துக்கு வற்றியிருந்தது. கொக்குகள் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருந்தன.

மதியத்துக்குள் எந்திரத்தின் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய் வெடித்து வேலை நின்றுவிட்டது. மெக்கானிக் மறுநாள்தான் வர முடியும் என்றார். பக்கத்து வயலில் களையெடுத்த பெண்கள் விஷயம் கேட்டு மம்பட்டிகளோடு வந்தார்கள். முதலில் இறங்கிய அக்காவின் மம்பட்டி கான்கிரீட்டில் மோதி முனை மடங்கியது.

“எந்தப் பாவி இத இங்கன கொட்டுனான்?” என்றார்.

என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “நாந்தேங்க்கா” என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப எங்கன கல்லு, எங்கன மண்ணுன்னு ஒனக்குத்தேன் தெரியும். காட்டு.”

இடது ஓரத்தில் நான் தள்ளியது வெறும் மண். காட்டினேன். நானும் ஒரு மம்பட்டி எடுத்தேன். பதினைந்து பேர் வெட்டினோம். உள்ளங்கை கொப்பளித்தும் ஒருவரும் நிறுத்தவில்லை. சாயங்காலம் கடைசித் திட்டை உடைத்ததும் ஆறு கலங்கலாக உள்ளே பாய்ந்தது. சற்று நேரத்தில் குட்டையின் மேல்பரப்பே சிலிர்த்தது. விரல் நீளக் குஞ்சுகள், எண்ண முடியாத கூட்டம், வரும் தண்ணீரை எதிர்த்து ஏறின. “போ ஆத்தா, போ” என்று அந்த அக்கா கைதட்டிச் சிரித்தார். நான் அழுததை யாரும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டார்கள்.

போன ஐப்பசி மழையிலும் அங்கே மீன்கள் வந்து முட்டையிட்டன. ஆற்றோரப் பள்ளங்களை மூட இப்போதும் அழைக்கிறார்கள், நான் போவதில்லை. தவறை ஒத்துக்கொண்டால் தலை குனிய வேண்டியிருக்கும் என்றுதான் அதுவரை பயந்திருந்தேன், ஆனால் அன்றைக்குப்போல் தலை நிமிர்ந்து நான் வீடு திரும்பிய நாள் இன்னொன்று இல்லை.