அனுமதிப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர் வைத்தது நான்தான்; இப்போது கடைகளிலும் அவருக்கு அதுதான் பேர். என்ன கோளாறு என்றாலும் "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். என் பக்கத்து மேஜை அவருடையது, ஆனால் ஆளை அங்கே பார்ப்பதுதான் அபூர்வம். ஊரெங்கும் எங்கள் மருந்துக் கடைகள். ஒரு கடையில் பில் பிரிண்டர் மக்கர் செய்தால் ஓடுவார். போய்ப் பார்த்தால் ஒயர் கழன்றிருக்கும். சொருகிவிட்டு வாசலுக்கு வருவதற்குள் அடுத்த கடையிலிருந்து போன். நாய் படாத பாடு.

இந்த நேரத்தில் அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் வேறு துணை கிடையாது. ரீஸ்டார்ட் முதலாளி முன் போய் நின்றார். தூரத்துக் கம்ப்யூட்டரை உட்கார்ந்த இடத்திலிருந்தே திறந்து சரிசெய்ய சாஃப்ட்வேர் இருக்கிறது, வாங்கிக் கொடுத்தால் வீட்டிலிருந்தே எல்லாக் கடைகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார்.

"நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. வேலை நடந்தா சரி, எங்க இருந்தா எனக்கென்ன?" என்றார் முதலாளி.

ரீஸ்டார்ட் பலதையும் போட்டுப் பார்த்தார். ஒன்று ஆமை வேகம். ஒன்று பாதியில் அறுந்துபோனது. கடைசியில் ஒன்று அவர் மனதுக்குப் பிடித்தது. அந்தப் பக்கம் ஆளே வேண்டாம், இவரே திறந்து, சரிசெய்து, மூடிவிடலாம்.

"அப்ப என் கம்ப்யூட்டரையும் என்னைக் கேக்காமத் தொறப்பீங்களா?" என்றார் முதலாளி. அதோடு அது போச்சு.

அந்தப் பக்கம் இருப்பவர் திரையில் வரும் எண்ணைச் சொல்லி, 'அனுமதி' என்ற பொத்தானை அமுக்கினால்தான் திறக்கும் என்ற வகையை முதலாளியே தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தது அவர் பயம். அப்புறம் எதற்கு இந்த மனுஷனைத் தேடச் சொன்னாராம்?

சோதித்துப் பார்க்கும் நாளில் முதலாளி பின்னால் நிற்க, ரீஸ்டார்ட் ஒரு கடைக்கு ஸ்பீக்கரில் பேசினார். எடுத்தது பில் போடும் அக்கா.

"அக்கா, திரையில ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"உங்க கம்ப்யூட்டர இங்கேர்ந்து பாக்கத்தான்."

"சொல்ல மாட்டேன்."

அக்கா மேல் தப்பில்லை. முன்பு ஒரு கடையை எவனோ போனிலேயே ஏமாற்றிவிட்டான். அதற்குப் பிறகு ரீஸ்டார்ட்தான் கடை கடையாகப் போய், யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதீர்கள், எதையும் அமுக்காதீர்கள், என் குரலிலேயே பேசுவான், நம்பாதீர்கள் என்று தொண்டை கட்டப் பாடம் எடுத்தார்.

"அக்கா, சத்தியமா நாந்தான் ரீஸ்டார்ட்!"

"இப்படித்தான் பேசுவான்னு அவரே சொல்லியிருக்காரு. வைடா போன!"

அடுத்த கடையிலும் அதே கதை. மூன்றாவது கடைக்காரர் ஒரு படி மேலே போய் முதலாளிக்கே போன் போட்டார். "சார், ரீஸ்டார்ட் பேர்ல ஒரு திருட்டுப் பய கூப்பிடுறான். ஜாக்கிரதை!"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே எல்லாக் கடைக்கும் ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாமே சார்?" என்றேன்.

"என் குரல்ல மட்டும் பேச மாட்டானா? நேர்ல போனாத்தான் நம்புவாங்க." ரீஸ்டார்ட்டின் தோளைத் தட்டினார். "ஒவ்வொரு கடையா போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வாங்க. அவசரமில்ல, ரெண்டு மாசம் எடுத்துக்குங்க. அப்புறம் நிம்மதியா வீட்ல இருங்க."

வீட்டில் உட்கார இரண்டு மாதம் ஊர் சுற்ற வேண்டும். அதற்குள் பிள்ளையே பிறந்துவிடும்.

ரீஸ்டார்ட் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் கைபேசியில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. அதைச் சரிசெய்ய அவருக்கு நேரமில்லை, அதனால் எப்போதும் ஸ்பீக்கர்தான். நடந்ததைச் சொன்னார்.

"விடுங்க. உள்ள இருக்கறவங்ககிட்ட சொல்லி வைக்கிறேன், அப்பா நேர்ல வந்து அனுமதி குடுத்தாத்தான் வெளிய வரணும்னு" என்று மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் அடங்கியது.

"எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குங்க" என்றாள்.

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.