யோசேப்பு காணாத கிளாஸ்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி ஒருவரிடம் நான் கிளாக்கராக இருந்தபோது ஊர்காவற்றுறையிலிருந்து வந்த வழக்கு இது. சுருவிலைச் சேர்ந்த மேசன் ஒருவர், தன் அண்ணன் யோசேப்பு புதுப்படகு இறக்கிய அன்று, வேலை முடிந்து சைக்கிளில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த நண்டுக் கொம்பனியின் ஐஸ் லொறி அவரை மோதியது. அந்த இடத்திலேயே இறந்தார். லொறி றைவர் சங்கர் குடிவெறியில் இருந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான்.

இறந்தவரின் மனைவி மெற்றில்டா கொம்பனி மீது நட்டஈட்டு வழக்குப் போட்டார். கொம்பனியின் மறுமொழி சுருக்கமானது. வேலை முடிந்தபின் களவாகக் குடித்துவிட்டு, சொந்த அலுவலுக்கு லொறியை எடுத்துப் போனான், நாங்கள் பொறுப்பல்ல.

"கொம்பனி வேலையாப் போனவனோ இல்லையோ, அதுதான் கேள்வி. ஆர் கண்டது?" என்றார் எங்கள் சட்டத்தரணி.

கண்டவர் யோசேப்பு. படகு இறக்கும்போது நீட்டும் சாராயத்தை மறுத்தால் படகுக்குக் கூடாது என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. சாட்சியம் எழுதப் போன என்னிடம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

"சங்கர் வேண்டாமெண்டு நிண்டவன். கொம்பனி மனேஜர் விடேல்லை. 'என்னடா, யோசேப்பின்ர படகு தாழவேணுமெண்டு நேர்த்தியோ?' எண்டு கேட்டார். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். தானே கிளாசில ஊத்திக் குடுத்தார். பிறகு, சுருவிலில ஐஸ் இறக்கிப்போட்டு வா எண்டு அனுப்பினதும் அவர்தான்."

"இதைக் கோட்டில சொல்லுவீங்களோ?"

"ஏலாது, ஐயா. எஞ்சின் கொம்பனி தந்தது. நண்டு வாங்கிறதும் அவங்கள்தான். வேற ஆர் இஞ்சை வருவினம்?"

மெற்றில்டா யோசேப்பின் வாசற் படலையடியில் நின்றார். "செத்தது உங்கட தம்பி, அண்ணை."

"தெரியும் பிள்ளை. நான்தானே தூக்கினனான்."

சங்கரைச் சிறையிலிருந்து கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னான். குடிகாரன் பழியை முதலாளிமேல் போடுகிறான் என்றார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. அவன் சொல்லை உறுதிப்படுத்த இன்னொருவர் தேவைப்பட்டார். அழைப்பாணை பெற்று வந்த யோசேப்பு, எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றதால் ஒன்றையும் காணவில்லை என்றார். கரையில் நின்ற மற்றவர்களும் ஒன்றையும் காணவில்லை.

வழக்குத் தள்ளுபடியானது. வெளியே வந்ததும் மெற்றில்டா யோசேப்பைத் திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன்.

"பஸ் போகப்போகுது, வாங்கோ அண்ணை," என்றார்.

அடுத்த கிழமை அவர் அதே கொம்பனியின் கொட்டிலில் நண்டு உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வேறு யாரும் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வேலையாக அனுப்பிய றைவர் ஆளைக் கொன்றால் முதலாளி பொறுப்பு. சட்டத்தில் அதற்குச் சந்தேகமில்லை. ஆனால் என்ன கண்டீர் என்று சாட்சியிடம் கேட்குமுன், பிடித்ததை யாருக்கு விற்கிறீர் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் கேட்டேன். மறுமொழி வந்ததும் பேனையை மூடிக்கொண்டு எழுந்த நாட்கள்தான் அதிகம்.