பரவையில் ஒரு உச்சிப்பொழுது

கடலே இல்லாத மதுரையில், கப்பல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுவது என் இளமையில் தினசரி வேலை. நான் கப்பலை விட்டு இறங்கும் காலத்தில் அது தேர்வுக்காக மட்டும் படிக்கிற பாடமாகிவிட்டது. கடைசிக் கப்பலில் இருந்த இளம் அதிகாரிகள் திரையைப் பார்த்தே பெருங்கடலைக் கடந்தார்கள். வெளியே சூரியன் இருப்பது கண் கூசும்போது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். உடனே திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். அவர்கள்மேல் எனக்கிருந்த இளக்காரத்தைக் கரையில் யார்மேல் செலவழிப்பது என்ற கவலை, ஊருக்கு வந்த முதல் மாதமே தீர்ந்தது.

தங்கை குடும்பம் மதுரையை ஒட்டிய பரவைக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டிருந்தது. தை மாதம் பூஜை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கிழக்குப் பார்த்து வாசல் நிலையை நிறுத்தியாயிற்று. மாசியில் ஒரு காலை அவள் போனில் அழுதாள்.

“அண்ணே, வாஸ்துக்காரர் வந்திருக்காரு. வாசல் தென்கிழக்கா, அக்கினி மூலையப் பாத்துத் திரும்பியிருக்காம். நிலையப் பேக்கணும்ங்கிறாரு. பூசை போட்டு வச்ச நிலையப் பேத்தா குடும்பம் வெளங்குமா? வயசுக்கு வந்த பிள்ளைய வச்சிருக்கேன். நீ கப்பல் ஓட்டுனவன்தானே, வந்து பாரு.”

திருப்பரங்குன்றத்து வீட்டிலிருந்து போய் இறங்கினேன். வாஸ்து நிபுணர் நிலைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த இரும்புக் கம்பிக்கட்டின்மேல் செல்போனை வைத்துத் திசை பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்கு மூடினால் ‘டப்’பென்று ஒட்டிக்கொள்ளும் காந்த உறை. காந்த ஊசியை ஏமாற்ற இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தக் கப்பலிலும் கண்டதில்லை.

“உறையைக் கழற்றிவிட்டு, அந்த வேப்பமரத்துப் பக்கம் தள்ளி நின்று பாருங்கள்” என்றேன்.

“அதெல்லாம் கேலிப்ரேட் பண்ணியாச்சு சார். இது சேட்டிலைட் பாத்துச் சொல்றது. பொய் சொல்லாது.”

செயற்கைக்கோள் இடத்தையும் நேரத்தையும்தான் சொல்லும்; அசையாமல் நிற்கிற போன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது, உள்ளேயிருக்கும் காந்த உணரிதான் சொல்கிறது என்றேன். தங்கை கணவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வங்கியில் மேலாளராக இருந்தவர். படித்தவர் என்றுதான் ஊரில் பேச்சு.

“மச்சான், உங்க காலம் வேற. சார் சென்னையில எம்புட்டுப் பெரிய பில்டிங்குக்கெல்லாம் பாத்துக் குடுத்திருக்காரு.”

“மாப்ள, நிழல்கிட்டக் கேப்போம். அதுக்கு சென்னையும் தெரியாது, உங்களையும் தெரியாது” என்றேன்.

கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, நிலைக்கு முன்னால் மூன்று சவுக்குக் கம்புகளை முக்காலியாகக் கட்டித் தொங்கவிட்டேன். குண்டுக்கு நேர் கீழே தரையில், வாசற்படிக்கு இணையாக ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். வாசல் நேர்க்கிழக்குப் பார்த்தால் படி தெற்கு வடக்காகக் கிடக்க வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் நேர் வடக்கே விழும்; அப்போது தூக்குநூலின் நிழல் தரையிலுள்ள நூலின்மேல் விழ வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு உறை போட்ட சாதனம் தேவையில்லை.

போனில் பன்னிரண்டு ஆனதும் நிபுணர் ஓடி வந்து குனிந்தார். நிழல் நூலைவிட்டு நன்றாகவே விலகி, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

“பாத்தீங்களா சார்? உங்க நிழலும் வாசல் அக்கினி மூலைன்னுதான் சொல்லுது!”

“டேய், கடப்பாரைய எடுறா” என்றார் மாப்பிள்ளை. கொத்தனார் எடுத்தார். தங்கை போய் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடிகாரத்தில் இரண்டு முள்ளும் சேர்ந்தால் சூரியன் தலைக்கு மேல் வந்து சலாம் போடும் என்று நம்புகிறவர்களுக்கு என்ன சொல்ல? நம் கடிகாரம் காட்டுவது காக்கிநாடாப் பக்கமாகப் போகும் ஒரு தீர்க்கரேகையின் நேரம். மதுரை அதற்கு நன்றாக மேற்கே இருக்கிறது. போதாக்குறைக்கு மாசியில் சூரியன் கடிகாரத்துக்குப் பிந்தியே வரும். இரண்டையும் கூட்டினால் மதுரைக்கு உச்சி ஏறக்குறையப் பன்னிரண்டரை. இதைச் சொன்னேன்.

“சூரியன் லேட்டா வருமா? என்ன மச்சான், அது என்ன பாசஞ்சர் வண்டியா?” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

“அரை மணி நேரம் பொறுங்க. அதுக்குள்ள கடப்பாரை துருப்பிடிக்காது.”

தங்கை நிலையை விடவில்லை, ஆகவே பொறுத்தார்கள். நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நூலை நோக்கி நகர்ந்தது. கொத்தனார் மட்டும் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் போனைப் பார்த்தார்கள். பன்னிரண்டரைக்கு நிழல் நூலின்மேல் படிந்தது. நூலுக்கு நிழல் உண்டா என்றே சந்தேகம் வரும்படி இரண்டும் ஒன்றாகக் கிடந்தன.

நிபுணர் குனிந்து அதைப் பார்த்தார். செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சரியாப் போச்சு சார். இந்த வாசலுக்குப் பன்னெண்டரை வரைக்கும்தான் தோஷம். சூரிய பகவானே வந்து நேர் பண்ணிட்டாரு. இனிமே நிலையத் தொடக் கூடாது.”

மாப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடப்பாரையைக் கீழே போடச் சொன்னார். நிபுணருக்கு வெற்றிலை பாக்குத் தட்டில் தட்சணை வைத்துக் கார் வரை போய் வழியனுப்பினார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“நல்லவேளைண்ணே. நீ பொறுக்கச் சொன்னதாலதான் தோஷம் கழியிற நேரம் வந்துச்சு. இல்லேன்னா அவசரப்பட்டுப் பேத்திருப்பாங்க.”

நிலை நின்றது. நான் தூக்குக்குண்டை அவிழ்த்துக் கொத்தனாரிடம் கொடுத்தேன்.